கர்னல் கண்விழிக்கும் நேரம்: துவக்க கால நினைவக நிர்வாகத்தைப் பத்திரமாக எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

இயங்குதளத்தின் மையமான கர்னலின் முதல் கட்டளை ஓடும் நொடியில், நினைவகம் வேண்டும் என்று கேட்டால் கொடுக்க ஆளில்லை. நினைவகத்தைப் பக்கங்கள் என்ற சம அளவுத் துண்டுகளாகப் பங்கிட்டுத் தரும் நிர்வாகி இனிமேல்தான் எழ வேண்டும். அது எழுவதற்கே நினைவகம் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்ப்பதற்காகக் கர்னல்களில் குறைந்த ஆயுள் கொண்ட சிறிய நிர்வாகி ஒன்றை வைக்கிறார்கள். சிறிது நேரம் வேலை செய்துவிட்டு, பொறுப்பைப் பெரிய நிர்வாகியிடம் ஒப்படைத்துவிட்டு அது விலகிக்கொள்ளும். லினக்ஸில் அதன் பெயர் மெம்பிளாக்.

இதை எழுதுவது எளிது என்று தோன்றும். நினைவக முகவரியைச் சுட்டும் ஒரு பாயின்டரை வைத்துக்கொண்டு, யாராவது கேட்கும்போதெல்லாம் அதை முன்னே நகர்த்தினால் போதாதா? ஒரு கணினியில், ஒரு நினைவக அளவில், அது வேலை செய்யும். அளவு மாறினாலோ, கர்னலுக்கு முன்பே ஓடிக் கணினியைத் தயார்செய்யும் ஃபர்ம்வேர் வேறாக இருந்தாலோ சத்தமில்லாமல் எதையோ அழித்துவிட்டு, அதற்குத் தொடர்பே இல்லாத இடத்தில் போய் விழும். நினைவகத்தைக் கொடுப்பது இங்கே சிரமம் இல்லை. எது நம்முடையது இல்லை என்று தெரிந்துகொள்வதுதான் வேலை. வில்லங்கம் பார்க்காமல் மனை வாங்குகிறவர் எவ்வளவு நன்றாக வீடு கட்டினாலும் பயனில்லை. ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே வரிசையைத்தான் வலியுறுத்தப் போகிறேன்: முதலில் வில்லங்கம், பிறகு வழங்கல்.

சொல் விஷயத்தில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். தமிழில் 'ஒதுக்கு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. யாரும் தொடக் கூடாது என்று தள்ளி வைப்பதும் ஒதுக்குவதுதான். ஒருவருக்கென்று பிரித்துக் கொடுப்பதும் ஒதுக்குவதுதான். கர்னல் எழுதும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது ஆபத்து. அதனால் முதலாவதை 'விலக்கு' என்றும் இரண்டாவதை 'வழங்கு' என்றும் இங்கே சொல்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு 64 பிட் ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பை எடுத்துக்கொள்வோம். கியூஎமு மென்பொருள் தரும் 'விர்ட்' என்ற மாதிரிக் கணினி, அதன் அடியில் ஓபன்எஸ்பிஐ ஃபர்ம்வேர். இதில் ராம் 2 ஜிகாபைட் முகவரியில் தொடங்குகிறது. நாமாக அளவு சொல்லாவிட்டால் 128 மெகாபைட் கிடைக்கும். யாருடைய மடிக்கணினியிலும் இதை ஓட்டிப் பார்க்கலாம் என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தேன். இனி முகவரிகளை ராமின் தொடக்கத்திலிருந்து எவ்வளவு தூரம் என்ற கணக்கில் சொல்கிறேன்.

படி 1: வாசலில் வந்ததைப் பத்திரப்படுத்துங்கள்

ஃபர்ம்வேர் நம் கர்னலை ராமின் தொடக்கத்திலிருந்து 2 மெகாபைட் தள்ளி ஏற்றி, கட்டுப்பாட்டைக் கொடுக்கிறது. அப்போது செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடங்களான ரிஜிஸ்டர்கள் இரண்டில் இரண்டு தகவல்கள் இருக்கும்: ஏ0 ரிஜிஸ்டரில் எந்தக் கருவகம் (செயலியின் உட்கரு) நம்மை ஓட்டுகிறது என்ற எண், ஏ1 ரிஜிஸ்டரில் சாதன மரம் இருக்கும் முகவரி. சாதன மரம் என்பது கணினியில் என்னென்ன இருக்கின்றன என்பதை விவரிக்கும் தரவுத் தொகுப்பு. ராம் எங்கே, எவ்வளவு என்பதும் அதில்தான் இருக்கிறது.

இந்த இரண்டு ரிஜிஸ்டர்களையும் வேறு எதையும் செய்வதற்கு முன்பு, அழைப்புகளால் கலையாத ரிஜிஸ்டர்களுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு, செயற்கூறுகள் தற்காலிகத் தரவை வைக்கும் ஸ்டாக்கை அமையுங்கள். அதன் பிறகு, தொடக்க மதிப்பில்லாத மாறிகள் இருக்கும் பிஎஸ்எஸ் பகுதியைப் பூச்சியமாக்குங்கள். வரிசை முக்கியம். சாதன மரத்தின் முகவரியை ஒரு பொது மாறியில் சேமித்துவிட்டு அதற்குப் பிறகு பிஎஸ்எஸ் பகுதியைத் துடைத்தால், சேமித்ததும் சேர்ந்து துடைக்கப்படும்.

எழுத்து அச்சிடும் வழியையும் இப்போதே வைத்துக்கொள்ளுங்கள். ஓபன்எஸ்பிஐ தரும் கன்சோல் அழைப்புக்கு நம் பக்கத்திலிருந்து நினைவகமே தேவையில்லை. துவக்க காலத்தில் தவறு நடந்தால் காரணத்தை அச்சிட்டுவிட்டு அங்கேயே நிற்பதுதான் சரியான செயல். அச்சிட வழியில்லாத கர்னல் இருட்டில் விழும்.

படி 2: நினைவக வரைபடத்தைச் சந்தேகத்தோடு படியுங்கள்

சாதன மரத்தின் தலைப்பு 40 பைட். முதல் நான்கு பைட் அடையாள எண், அடுத்த நான்கு பைட் மொத்த நீளம். எண்கள் எல்லாம் பெரிய பைட் முதலில் வரும் வரிசையில் எழுதப்பட்டிருக்கும். நம் ரிஸ்க்-ஃபைவ் கருவகமோ சிறிய பைட்டை முதலில் வைக்கும். ஆகவே படிக்கும் ஒவ்வொரு எண்ணையும் திருப்பிப்போட வேண்டும். அடையாள எண் பொருந்தவில்லை என்றால் மேலே ஒரு பைட்கூடப் படிக்காதீர்கள். மொத்த நீளத்துக்கும் ஒரு உச்சவரம்பு வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸின் 64 பிட் ஆர்ம் பிரிவு 2 மெகாபைட்டுக்கு மேற்பட்ட சாதன மரத்தை ஏற்பதில்லை. அந்த வரம்பு நமக்கும் போதும்.

சாதன மரம் கணுக்கள் என்ற கிளைகளால் ஆனது. ராம் விவரம் நினைவகக் கணுவில் முகவரி, நீளம் என்ற இணைகளாக இருக்கிறது. ஒவ்வொன்றும் எத்தனை 32 பிட் சொற்களால் ஆனது என்பதை மூலக் கணுவில் உள்ள இரண்டு பண்புகள் சொல்லும். அவை இல்லாவிட்டால் முகவரிக்கு 2, நீளத்துக்கு 1 என்று கொள்ள வேண்டும் என்கிறது விதி. இரண்டுக்கும் 2 என்று நினைத்து எழுதிவிட்டுப் பிறகு அல்லல்படுகிறவர்கள் உண்டு. நினைவகக் கணு ஒன்றுதான் இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். ஒரே கணுவில் பல இணைகள் இருக்கலாம், கணுக்களே பலவாகவும் இருக்கலாம்.

இன்டெல், ஏஎம்டி செயலிகள் உள்ள எக்ஸ்86 கணினிகளில் இதே வேலை வேறு உருவத்தில் வருகிறது. பயாஸ் என்ற பழைய ஃபர்ம்வேர் முறையில் இ820 என்ற அழைப்பு 20 பைட் உள்ளீடுகளாக வரைபடத்தைத் தரும். அவை வரிசையாக இருக்கும் என்றோ ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்கும் என்றோ நம்ப முடியாது; லினக்ஸ் அவற்றை வாங்கியதும் முதலில் சீர்செய்கிறது. ஓரிடத்தை ஒரு உள்ளீடு 'பயன்படுத்தலாம்' என்றும் இன்னொன்று 'கூடாது' என்றும் சொன்னால், 'கூடாது' என்பதைத்தான் ஏற்க வேண்டும்.

பயாஸுக்குப் பின் வந்த யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் முறையில் இருக்கும் ஒரு கண்ணியைச் சற்று அருகே போய்ப் பார்ப்பது நல்லது. வரைபடத்தைப் பெற்றுக்கொள்ள நமக்கு ஓர் இடையகம் (தற்காலிக நினைவகப் பகுதி) வேண்டும். அந்த இடையகத்தை ஃபர்ம்வேரிடமே கேட்டு வாங்கினால், அந்தச் செயலே வரைபடத்தை மாற்றிவிடும்! ஆகவே அளவைக் கேட்டு, அதற்கு மேல் சில உள்ளீடுகளுக்கு இடம் கூட்டி வாங்க வேண்டும். ஃபர்ம்வேரின் துவக்கச் சேவைகளிலிருந்து விடைபெறும்போது வரைபடத்தோடு வந்த சாவி எண்ணைத் திருப்பிக் காட்ட வேண்டும். இடையில் வரைபடம் மாறியிருந்தால் சாவி செல்லாது. மறுபடி வரைபடம் வாங்கி மறுபடி முயல வேண்டும். உள்ளீட்டின் நீளத்தையும் ஃபர்ம்வேர் சொல்லும் எண்ணிலிருந்துதான் எடுக்க வேண்டும். நம் நிரலில் அறிவித்த கட்டமைப்பின் நீளத்தால் தாண்டிப் போனால், இரண்டாவது உள்ளீட்டிலிருந்தே குப்பையைப் படிக்க நேரும்.

படி 3: வழங்குவதற்கு முன் விலக்குங்கள்

இந்த வழிகாட்டியின் இதயம் இந்தப் படிதான். ராம் எங்கே என்று தெரிந்துவிட்டது என்பதற்காக ஒரு பைட்டைக்கூட யாருக்கும் வழங்கிவிடக் கூடாது. அதற்கு முன் விலக்க வேண்டியவை அனைத்தையும் விலக்கி முடிக்க வேண்டும். அவை மூன்று இடங்களிலிருந்து வருகின்றன.

முதலாவது, சாதன மரத்தின் தலைப்பு காட்டும் விலக்குப் பட்டியல். 64 பிட் முகவரி, 64 பிட் நீளம் என்று இணை இணையாகப் போய், இரண்டும் பூச்சியமான இணையில் முடியும்.

இரண்டாவது, சாதன மரத்துக்குள் விலக்கப்பட்ட நினைவகத்துக்கென்று இருக்கும் கணு. ஓபன்எஸ்பிஐ தான் குடியிருக்கும் இடத்தை இதில்தான் அறிவிக்கிறது. அந்த இடத்தை ரிஸ்க்-ஃபைவின் பிஎம்பி என்ற வன்பொருள் காவலும் பாதுகாக்கிறது. தொட்டால் உடனே அணுகல் பிழை எழும். இந்தக் கணுவின் சில பிள்ளைகளில் முகவரி இருக்காது, 'இத்தனை பைட் வேண்டும்' என்ற அளவு மட்டும் இருக்கும். அவற்றுக்கு இடம் தேடித் தர வேண்டியது கர்னல். முகவரி உள்ளவற்றை எல்லாம் விலக்கி முடித்த பிறகே அளவு மட்டும் உள்ளவற்றுக்கு இடம் தேட வேண்டும். இல்லாவிட்டால் இன்னும் படிக்காத ஒரு விலக்கின்மேல் இடம் கொடுத்துவிடுவோம்.

மூன்றாவது வகையைத்தான் பலரும் மறக்கிறார்கள்: எந்தப் பட்டியலிலும் கட்டாயம் இருக்கும் என்று சொல்ல முடியாதவை. கர்னலே ஒன்று, நிரல் துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் தரும் தொடக்க, முடிவுக் குறியீடுகளிலிருந்து அதன் எல்லையை எடுக்கலாம். பிஎஸ்எஸ் பகுதியும் ஸ்டாக்கும் அந்த எல்லைக்குள் வருகின்றனவா என்று லிங்கர் கோப்பைத் திறந்து பாருங்கள். அடுத்தது துவக்கக் கோப்பமைப்பான இனிட்ஆர்டி. அதன் தொடக்கமும் முடிவும் 'சோசன்' என்ற கணுவில் இருக்கும். கடைசியாக, இத்தனையையும் நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் சாதன மரமே.

என் முதல் கர்னலில் நான் விட்டது அந்தக் கடைசி ஒன்றைத்தான். ராம் அளவைப் படித்தாயிற்று, வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். சாதன மரம் ராமின் மேல்பகுதியில் இருந்தது. என் நிர்வாகி மேலிருந்து கீழாக வழங்கியது. மெய்நிகர் முகவரிகளை இயற்பியல் முகவரிகளாக மாற்றித் தரும் பக்க அட்டவணைகளை அமைத்தபோது அவற்றில் ஒன்று மரத்தின் நடுவில் போய் உட்கார்ந்தது. கர்னல் நன்றாகவே துவங்கியது. வெகுநேரம் கழித்து, குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தியைத் தேடி மறுபடி மரத்தைப் படித்தபோதுதான் 'அப்படி ஒரு சாதனம் இல்லை' என்றது. இரண்டு நாள் குறுக்கீட்டு நிரலையே துருவிக்கொண்டிருந்தேன். மரத்தின் பைட்டுகளை அச்சிட்டபோது, எட்டு எட்டு பைட்டாகப் பக்க அட்டவணை உள்ளீடுகள் வரிசையாக நின்றன. அன்றிலிருந்து, யார் எந்தக் கர்னலைக் காட்டினாலும் நான் முதலில் தேடுவது சாதன மரத்தை விலக்கும் வரியைத்தான்.

ஃபர்ம்வேர் சொல்வதை முழுதாக நம்புவதும் கூடாது. எக்ஸ்86 கணினிகளில் முதல் 1 மெகாபைட்டுக்குள் பயாஸ்கள் பிற்பாடு எழுதிய அனுபவங்கள் குவிந்ததால், லினக்ஸ் 2021இல் வந்த 5.13 பதிப்பிலிருந்து அந்த 1 மெகாபைட்டை எப்போதும் விலக்கிவிடுகிறது. இத்தனை ராம் உள்ள காலத்தில் ஒரு மெகாபைட்டை விட்டுக்கொடுப்பது நல்ல முடிவு.

படி 4: உள்ளதைச் சுருக்குங்கள், விலக்கை விரியுங்கள்

நிர்வாகம் நடப்பது 4 கிலோபைட் பக்கங்களில்; வரைபடமோ பைட் கணக்கில் வருகிறது. எல்லைகளைப் பக்க அளவுக்குக் கொண்டுவரும்போது எந்தப் பக்கம் சாய்வது? ராம் பகுதியின் தொடக்கத்தை மேலேயும் முடிவைக் கீழேயும் நகர்த்துங்கள். விலக்கில் இதற்கு நேர்மாறு: தொடக்கத்தைக் கீழே, முடிவை மேலே. சந்தேகமான ஒவ்வொரு பைட்டும் நமக்கு எதிராகவே தீர்க்கப்பட வேண்டும்.

எண்களோடு பார்ப்போம். ஃபர்ம்வேர் முதல் 512 கிலோபைட்டைப் பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கர்னல் 2 மெகாபைட்டில் தொடங்கி, 1 மெகாபைட்டும் 300 பைட்டும் நீளம். அந்த 300 பைட்டுக்காக ஒரு முழுப் பக்கத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். ஆக 1028 கிலோபைட். இனிட்ஆர்டி 16 மெகாபைட்டிலிருந்து 4 மெகாபைட். சாதன மரம் 126 மெகாபைட்டில், 5 கிலோபைட்டுக்குச் சற்று மேல். விரித்தால் 8 கிலோபைட்.

விலக்கு மொத்தம்: 512 + 1028 + 4096 + 8 = 5644 கிலோபைட்.

காலி இடைவெளிகள் நான்கு, கீழிருந்து மேலாக: 1536, 13308, 108544, 2040 கிலோபைட். கூட்டினால் 125428.

இரண்டையும் சேர்த்தால் 131072 கிலோபைட், அதாவது சரியாக 128 மெகாபைட். இந்தக் கூட்டலைக் கர்னலே ஒவ்வொரு துவக்கத்திலும் செய்து பார்க்கட்டும். ராமுக்குள் விழும் விலக்கும் காலியும் சேர்ந்து மொத்தத்துக்குச் சமமாக இல்லாவிட்டால் அங்கேயே நிற்கட்டும். ஒரு வரி நிரல்தான்; அது பிடித்துத் தரும் பிழைகள் ஏராளம்.

படி 5: இரண்டு பட்டியல்கள், ஒரே கணக்கு

இந்த விவரங்களை எப்படி வைத்துக்கொள்வது? பழைய லினக்ஸில் பூட்மெம் என்ற நிர்வாகி பக்கத்துக்கு ஒரு பிட் என்று ஒரு பிட் வரைபடம் வைத்திருந்தது. அந்த வரைபடத்தை எங்கே வைப்பது என்று முடிவுசெய்வதற்கே நினைவகத்தைப் பற்றி முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும். 2018இல் 4.20 பதிப்பு வந்தபோது பூட்மெம் முழுதாக நீக்கப்பட்டது. அதன் இடத்தைப் பிடித்த மெம்பிளாக்கின் வேர், 2001இல் பவர்பிசி கட்டமைப்புக்காக ஐபிஎம்மில் எழுதப்பட்ட நிரல்.

மெம்பிளாக்கின் வடிவம் எளிமையானது. 'நினைவகம்' என்று ஒரு பட்டியல், 'விலக்கு' என்று ஒரு பட்டியல். இரண்டும் தொடக்கம், நீளம் என்ற உள்ளீடுகளை முகவரி வரிசையில் வைத்திருக்கும். காலி என்று தனியாக எதையும் சேமிப்பதில்லை. கேட்கும்போது முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்துச் சொல்லும்.

விலக்கும்போதே நினைவகப் பட்டியலிலிருந்து வெட்டி எடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். வெட்டினால் வரிசைக்குக் கட்டுப்பட்டுவிடுவோம். ஓரிடத்தை விலக்கிய பிறகு அதே இடத்தை உள்ளடக்கிய ராம் பகுதி ஒன்று பட்டியலில் சேர்ந்தால், வெட்டியது உயிர்பெற்றுவிடும். இரண்டு பட்டியல்கள் தனித்தனியாக இருந்தால் எது முதலில் வந்தாலும் விடை ஒன்றுதான். ராமே இல்லாத முகவரியைக்கூட விலக்கி வைக்கலாம், பாதகம் இல்லை.

பட்டியலில் சேர்க்கும் நிரலில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று, ஒட்டியும் மேல்படிந்தும் வரும் பகுதிகளை இணைப்பது. ஒரே இடம் இரண்டு முறை விலக்கப்பட்டால் அது ஒரு பகுதியாகவே பதிவாக வேண்டும். இன்னொன்று, தொடக்கத்தோடு நீளத்தைக் கூட்டும்போது 64 பிட்டைத் தாண்டிப் பூச்சியத்துக்குச் சுற்றி வந்துவிடும் ஆபத்து. ஃபர்ம்வேர் பிழையாகத் தந்த ஒரு நீளம் போதும், முடிவு தொடக்கத்தைவிடச் சிறியதாகிவிடும். கூட்டுவதற்கு முன்பே நீளத்தை வரம்புக்குள் வெட்டிக்கொள்ளுங்கள். மெம்பிளாக்கும் அப்படித்தான் செய்கிறது.

பட்டியல் நிரம்பிவிட்டால்? மெம்பிளாக் தலா 128 உள்ளீடுகளுக்கு நிலையான அணியோடு தொடங்குகிறது. தேவைப்பட்டால் அணியை இரட்டிப்பாக்கும், ஆனால் புதிய அணிக்கான இடத்தையும் தன்னிடமிருந்தேதான் எடுக்க வேண்டும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு பகுதியை விலக்கப் போகும்போது அணி நிரம்புகிறது. புதிய அணிக்கு இடம் தேடுகிறோம். விலக்கப்போகும் அந்தப் பகுதி இன்னும் பட்டியலில் ஏறவில்லை என்பதால் காலியாகத் தெரிகிறது. அணியைக் கொண்டுபோய் அதிலேயே வைத்துவிடுவோம். மெம்பிளாக்கில் இரட்டிப்பாக்கும் செயற்கூறு, விலக்கப்போகும் பகுதியையும் கேட்டு வாங்கிக்கொண்டு அதைத் தவிர்த்தே தேடுகிறது. தெரிந்த விலக்குகள் எல்லாம் பதிவாகும்வரை இரட்டிப்பாக்க அனுமதியும் கிடையாது.

நம் சிறிய கர்னலுக்கு இரட்டிப்பு வேண்டாம் என்பது என் கருத்து. 128 உள்ளீடுகளோடு நின்றுகொள்ளுங்கள். நிரம்பினால் செய்தி அச்சிட்டு நிறுத்துங்கள். 'இடமில்லை' என்று விலக்கை அமைதியாகக் கைவிடுவது மட்டும் கூடவே கூடாது.

படி 6: வழங்கல்

இத்தனைக்கும் பிறகு வழங்கும் நிரல் சின்னது. இதில் 'சீர்' என்பது, வழங்கும் முகவரி எந்த எண்ணின் மடங்காக இருக்க வேண்டும் என்பது:

வழங்கு(அளவு, சீர்):
    அளவு பூச்சியம் எனில் நிறுத்து
    ஒவ்வொரு காலி இடைவெளியையும் (தொடக்கம், முடிவு) மேலிருந்து கீழாகப் பார்:
        முடிவு − தொடக்கம் < அளவு எனில் அடுத்ததற்குப் போ
        இடம் = (முடிவு − அளவு), சீர் எல்லைக்குக் கீழிறக்கியது
        இடம் < தொடக்கம் எனில் அடுத்ததற்குப் போ
        விலக்கு(இடம், அளவு)
        பூச்சியத்தால் நிரப்பு(இடம், அளவு)
        இடத்தைத் திருப்பிக் கொடு
    செய்தி அச்சிட்டு நிறுத்து

கூட்டல் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள். நீளம் போதுமா என்று பார்த்த பிறகே கழிக்கிறோம். சீரமைப்பையும் கீழ்நோக்கியே செய்கிறோம். சுற்றி வந்துவிடும் ஆபத்து இதனால் அடியோடு போகிறது. மேலிருந்து வழங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய சாதனங்கள் சிலவற்றால் தாழ்ந்த முகவரிகளை மட்டுமே எட்ட முடியும். அந்த இடத்தை அவற்றுக்காக விட்டு வைக்கிறோம்.

தோல்வியைப் பூச்சிய முகவரியால் குறிக்காதீர்கள். நம் மாதிரிக் கணினியில் ராம் 2 ஜிகாபைட்டில் தொடங்குவதால் சிக்கல் தெரியாது. ராம் பூச்சியத்திலிருந்தே தொடங்கும் கணினிகளில், முதல் பக்கத்தை வெற்றிகரமாக வழங்கினாலும் அது தோல்வியாகத் தெரியும். பூச்சியத்தால் தோல்வியைக் குறிக்கும் மெம்பிளாக், இதற்காகவே முதல் பக்கத்தை வழங்காமல் விட்டுவிடுகிறது.

ரஸ்ட் மொழியில் எழுதுகிறவர்கள் இங்கே ஒரு படி மேலே போகலாம். இயற்பியல் முகவரிக்கு ஒரு வகை, மெய்நிகர் முகவரிக்கு ஒரு வகை என்று பிரித்துவிடுங்கள். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் கொடுத்தால் கம்பைலரே தடுக்கும். சி மொழியிலும் ஒற்றை உறுப்புள்ள கட்டமைப்புகளால் இதே பலனைப் பெறலாம்; லினக்ஸ் பக்க அட்டவணை உள்ளீடுகளுக்கு அப்படித்தான் செய்கிறது.

படி 7: பக்க அட்டவணைகள்

ரிஸ்க்-ஃபைவில் நாம் நுழையும்போது முகவரி மாற்றம் அணைந்திருக்கிறது. எந்த இயற்பியல் முகவரியையும் நேரடியாகத் தொடலாம். எக்ஸ்86 64 பிட் முறையில் அந்த வசதி இல்லை. அங்கே அட்டவணையில் ஏறாத ராமை வழங்கினால், பூச்சியத்தால் நிரப்பும் வரியிலேயே விழுவோம். அதனால் 'இந்த முகவரிக்கு மேல் வழங்காதே' என்ற வரம்பு ஒன்றை மெம்பிளாக் வைத்திருக்கிறது. அட்டவணை விரிய விரிய வரம்பும் உயர்த்தப்படும்.

நம் எடுத்துக்காட்டில் ரிஸ்க்-ஃபைவின் எஸ்வி39 என்ற முகவரி மாற்ற முறையைப் பயன்படுத்தினால் மூன்று அடுக்கு அட்டவணை. ஒவ்வொன்றும் ஒரு பக்கம், 512 உள்ளீடுகள். 128 மெகாபைட் ராமை 2 மெகாபைட் பெரும்பக்கங்களாக ஏற்றினால் 64 உள்ளீடுகள் போதும். ஆனால் முதல் 2 மெகாபைட்டுக்குள் ஃபர்ம்வேர் இருக்கிறதே! அதன் விலக்கில் 'அட்டவணையில் ஏற்றாதே' என்ற குறி இருக்கும். அங்கே பெரும்பக்கம் போடாமல் கடைசி அடுக்கு வரை இறங்கி, 512 உள்ளீடுகளில் முதல் 128ஐக் காலியாக விட்டு, மீதி 384ஐ மட்டும் நிரப்ப வேண்டும். ஆக மூல அட்டவணை, நடு அட்டவணை, கடைசி அட்டவணை என்று மூன்று பக்கங்கள், 12 கிலோபைட். அவை மேல் இடைவெளியிலிருந்து போகின்றன: 2040 இனி 2028.

படி 8: ஒப்படைப்பு

பெரிய நிர்வாகிக்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு குறிப்பேடு வேண்டும். லினக்ஸில் வழக்கமாக அது 64 பைட். நாமும் அதையே கொள்வோம். 32768 பக்கங்களுக்கு 2 மெகாபைட், அதாவது 2048 கிலோபைட். மேல் இடைவெளியில் 2028தான் இருக்கிறது. வெறும் 20 கிலோபைட் குறைவு. நிர்வாகி அடுத்த இடைவெளிக்கு இறங்கி, 124 மெகாபைட்டிலிருந்து 126 மெகாபைட் வரை கொடுக்கிறது. சாதன மரத்தை ஒட்டினாற்போல் அது முடிவதால், விலக்குப் பட்டியலில் இரண்டும் ஒரே பகுதியாக இணைந்துவிடும். இனி மரம் தேவையில்லை என்று விடுவிக்கும்போது பட்டியலைப் பார்த்து விடுவித்தால் குறிப்பேடுகளும் சேர்ந்து போய்விடும். விடுவிக்கும் எல்லையை, முதலில் விலக்கியவர் வைத்திருக்கும் கணக்கிலிருந்தே எடுக்க வேண்டும்.

ஒப்படைக்கும்போது எல்லாப் பக்கங்களையும் முதலில் 'விலக்கப்பட்டவை' என்று குறித்துவிட்டு, காலி இடைவெளிகளில் உள்ளவற்றை மட்டும் விடுவியுங்கள். நம் கணக்கில் 123368 கிலோபைட், 30842 பக்கங்கள். விலக்கில் 1926. கூட்டினால் 32768.

ஒப்படைத்த கணத்தில் சிறிய நிர்வாகி இறந்துவிட வேண்டும். இரண்டு நிர்வாகிகளும் ஒரே நேரத்தில் வழங்கினால் ஒரே பக்கம் இருவர் கைக்குப் போகும். ரஸ்டில் ஒப்படைக்கும் செயற்கூறு நிர்வாகியை உரிமையோடு விழுங்கிக்கொள்ளும்படி எழுதினால், அதன் பிறகு அதைத் தொடும் நிரல் கம்பைலே ஆகாது. சியில் ஒரு கொடியை வைத்து ஒவ்வொரு அழைப்பிலும் சோதியுங்கள். லினக்ஸிலும் பெரிய நிர்வாகி எழுந்த பிறகு மெம்பிளாக்கிடம் கேட்டால் எச்சரிக்கை வரும்படி சோதனை வைத்திருக்கிறார்கள்.

துவக்கத்துக்கு மட்டுமே தேவையான நிரலும் தரவும் கடைசியாக விடுவிக்கப்படும். 'பயன்படாத கர்னல் நினைவகம் விடுவிக்கப்படுகிறது' என்று லினக்ஸ் துவங்கும்போது ஒரு வரி ஓடுமே, அது இதைத்தான் சொல்கிறது. அந்தப் பகுதியைச் சுட்டும் பாயின்டர் எங்கேனும் மிஞ்சியிருந்தால் ஆபத்து. விடுவிக்கும் முன் அதை அடையாளம் தெரியும் ஒரு பைட்டால் நிரப்பிவிடுங்கள். யாராவது அங்கே தாவினால் விழுந்த இடத்திலேயே காரணமும் தெரியும்.

படி 9: உடைத்துப் பாருங்கள்

பட்டியல் நிரலில் வன்பொருள் எதுவுமில்லை, வெறும் எண்கள். ஆகவே அதை உங்கள் மடிக்கணினியில் சாதாரண நிரலாகக் கம்பைல் செய்து, ஆயிரக்கணக்கான தற்செயல் பகுதிகளைச் சேர்த்தும் விலக்கியும் சோதிக்கலாம். ஒரு பெரிய பிட் அணியில் அதே செயல்களை மந்தமாகச் செய்யும் இன்னொரு நிரலை எழுதி, இரண்டின் விடையும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். லினக்ஸ் மூலத்திலேயே 2022 முதல் மெம்பிளாக்குக்கு இப்படிப் பயனர் தளத்தில் ஓடும் சோதனைத் தொகுப்பு இருக்கிறது.

பிறகு கியூஎமுவில் ராம் அளவை மாற்றி மாற்றித் துவக்குங்கள். 128 மெகாபைட்டில் ஓடியது 129இல் ஓடுகிறதா? இனிட்ஆர்டி இல்லாமல் ஓடுகிறதா? அது ராமில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டால் தெளிவான செய்தியோடு நிற்கிறதா? ராமை இரண்டு கணுக்களாகப் பிரித்துக் கொடுத்தும் பாருங்கள்.

இதில் கடைசிச் சோதனை ஒன்று இருக்கிறது, அதை விடாதீர்கள். ஒப்படைப்பு முடிந்ததும், பெரிய நிர்வாகியிடமிருந்து எல்லாப் பக்கங்களையும் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் அதன் முகவரியையே எழுதி நிரப்புங்கள். அதன் பிறகு சாதன மரத்தையும் இனிட்ஆர்டியையும் முதலிலிருந்து மறுபடி படியுங்கள். துவக்கத்தில் எடுத்து வைத்த செக்சம் (சரிபார்ப்பு எண்) அப்படியே பொருந்தினால், ஓபன்எஸ்பிஐயின் கன்சோல் அழைப்பு இன்னும் ஓர் எழுத்தை அச்சிட்டால், வாங்கிய பக்கங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம்.